நர்ஸம்மாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: மதுரையில் எம்.ஏ. படிக்கிறேன், ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஸ்வேயா குளோசர் என்ற மானிடவியலாளர் போலியோ சொட்டு மருந்தைப் பற்றி ஆய்வு செய்ததாக வகுப்பில் சொன்னார்கள். அது டாக்டர்கள் வேலை இல்லையா, மானிடவியலுக்கு அங்கே என்ன வேலை?
– ஒரு வாசகி

பதில்: மருந்து கண்டுபிடிப்பது டாக்டர் வேலைதான் தங்கச்சி. ஆனால் அந்த இரண்டு சொட்டு குழந்தை வாய்க்குள் போய்ச் சேர்வது முழுக்க மனிதர்கள் சம்பந்தப்பட்டது. குளோசர் பாகிஸ்தானில் சொட்டு மருந்துக் குழுக்களோடு கூடவே நடந்தார், அதிகாரிகள் கூட்டத்திலும் உட்கார்ந்தார், 2010இல் அதைப் புத்தகமாக எழுதினார். உலக அளவில் போலியோ ஒழிப்பு தொடங்கியது 1988இல். பாகிஸ்தானில் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டால், பெற்றோர் மறுக்கிறார்கள் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அவர் அதோடு விடாமல் மருந்தைச் சுமந்து போகிற பெண்களைப் பார்த்தார். சொற்பக் கூலி, அதே தெரு, அதே வீடு, மாதம் தவறாமல் இன்னொரு சுற்று என்று அலையவிட்டால் யாருக்குத்தான் சலிக்காது? போகாத வீட்டையும் போனதாக எழுதிவிடுகிற அளவுக்குச் சலித்திருந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் 1995இல் பல்ஸ் போலியோ தொடங்கி, 2011 ஜனவரியில் ஹவுராவில் கடைசி நோயாளி, 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற அறிவிப்பு. ஐஸ் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் போகாத ஊருக்கும் நடந்து போய்க் குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்தவர்களின் உழைப்பு அது. நீங்களும் ஆய்வு செய்கிற எண்ணத்தில் இருந்தால், தாய்மாரிடம் ஏன் ஊசி போடவில்லை என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் ஊர் நர்ஸம்மாவோடு ஒரு வாரம் நடந்து பாருங்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த ஐயாயிரம் பேரில் கர்ப்பிணி யார், பிறந்த பிள்ளை எது, வேலைக்காகத் திருப்பூருக்குப் போய்விட்ட குடும்பம் எது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

கேள்வி: முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்ததால் அடுத்தது வேண்டாம் என்கிறார் மாமியார். நர்ஸ் மூன்று தடவை வீட்டுக்கே வந்துவிட்டார். சங்கடமாக இருக்கிறது.
– ஒரு தாய், மேலூர்

பதில்: மூன்று தடவை வந்திருக்கிறார் என்றால் உங்கள் பிள்ளை மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை அம்மா. ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில் போடுகிற ஊசிக்கு லேசான காய்ச்சலும் போட்ட இடத்தில் வீக்கமும் வருவது சாதாரணம், ஓரிரு நாளில் தணிந்துவிடும். காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ அதை மட்டும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 2017இல் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைப் பார்த்து எங்கள் தெருவிலேயே பலர் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்கியது நோட்டீஸ் இல்லை, தெரிந்த முகமான நர்ஸ் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசிய பேச்சுதான். அடுத்த தடவை அவர் வரும்போது மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாமியார் கேட்க நினைப்பதை அவரே கேட்கட்டும். அப்புறம் வெயிலில் வந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள்.