கடலை அறைக்குள் அடைக்கலாமா? கண்காட்சி ஒலி: கேள்வி பதில்

அருங்காட்சியகங்களுக்கு ஒலி அமைப்பது என் தொழில். ராமநாதபுரம் கரையில் சிறு காட்சிக்கூடங்கள் அமைப்போர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கீழக்கரை வாசகர்: சங்கு குளிப்பவர்கள் பற்றிய அறையில் நீர்க்குமிழி ஓசை வைத்தோம். ஏனோ ஒட்டவில்லை.

எப்படி ஒட்டும்? இடைவிடாத குமிழி, முதுகில் காற்று உருளை கட்டியவருடையது. சங்கு குளிப்பவர் மூச்சடக்கி இறங்கியவர். பவளப்பாறை அருகே அவர் காதில் விழுவது தாளிப்புச் சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற பொரிவு. ஒருவகைச் சிறு இறால் கொடுக்கைச் சொடுக்கும்போது உண்டாகும் குமிழி உடைகிற ஓசை அது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் 340தான். இரு காதுகளையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எட்டிவிடுவதால் திசை பிடிபடாது. எனவே ஒரே மூலையிலிருந்து ஒலிக்கவிடாமல் நாலு பக்கமும் சன்னமாகப் பரப்புங்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி, மேலே வந்தவர் இழுக்கும் ஒற்றை மூச்சை மட்டும் கேட்கவிடுங்கள்.

எதைச் செய்தாலும் காவலாளியைக் கேட்டுச் செய்யுங்கள். ஒரு கூடத்தில் நாற்பது நொடி அலையோசையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மூன்றாம் நாள் காவலாளி ஒலிபெருக்கியில் துணியை அடைத்துவிட்டார். நியாயம்தான்.

தொண்டி ஆசிரியை: எந்த ஒலிபெருக்கி வாங்கலாம்?

சிறியது. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். மொட்டைச் சுவர் அறையில் அப்படிக் குறையாது, எதிரொலித்துக் குழம்பும். முதலில் கனத்த திரை வாங்குங்கள்.

பாம்பன் வாசகர்: பழைய பாலத்தில் ரயில் போகும் ஓசையைப் பதிவுசெய்ய எந்தக் கருவி வேண்டும்?

காலம் கடந்துவிட்டது. 2022 டிசம்பரிலேயே அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் ஓசை வேறு. பயணிகளின் கைப்பேசிகளில் தேடுங்கள்.

மண்டபம் வாசகர்: இரண்டு கடலுக்கும் ஒரே அலைப்பதிவு போதாதா?

போதாது. தெற்கே இரையும் மன்னார் வளைகுடா ஆண் கடல், வடக்கே அமைதியான பாக் நீரிணை பெண் கடல் என்று உங்கள் ஊரிலேயே சொல்கிறார்களே!

அதே வாசகர்: அது சுற்றுலா வழிகாட்டிகள் பேச்சு. மார்கழியில் வந்து பெண் கடலைப் பாருங்கள், ஐயா.

பாதி ஒப்புக்கொள்கிறேன். வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கம் சீறும். ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் இரையும். ஆனால் நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் வலு: மாதத்துக்கு மாதம் மாறுவதை ஒரே பதிவில் எப்படிக் காட்டுவது? ஆடியில் வடகரையில் நின்றால் வள்ளத்தின் அடிவயிற்றில் தண்ணீர் தட்டுவது கேட்கும். தென்கரையில் அலை திரும்பும்போது சிப்பித் துண்டுகள் கலகலவென்று உருண்டு பின்வாங்கும். பதிவின் கீழே கரை, மாதம், நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: தனுஷ்கோடி அறைக்கு 1964 புயலின் ஓசை, மக்கள் அலறல்…

வேண்டாம். நடிகர்களை அலறவைத்துச் சாவை வேடிக்கையாக்காதீர்கள். பிழைத்தவர் பேச்சு இருந்தால் அதை மட்டும் வையுங்கள். காவலாளியையும் நினையுங்கள், அலறலை நாளெல்லாம் கேட்கப்போவது அவர்.

ஏர்வாடி வாசகர்: நல்ல ஒலிபெருக்கி எது?

தொண்டிக்குச் சொன்னதுதான்.

திருப்புல்லாணி வாசகர்: ஒலிபெருக்கி…

திரை!

மண்டபம் வாசகர்: ஆடியில் வாருங்கள், இரண்டு கரைக்கும் நானே கூட்டிப்போகிறேன்.

வருகிறேன். சட்டைப்பையில் சாவிக்கொத்து மட்டும் வேண்டாம். பதிவில் அதுதான் முதலில் விழும்.