ஊமைப்பட நடிகை மேரி பிக்ஃபோர்டு ஏன் சிறுமி வேடத்திலேயே மாட்டிக்கொண்டார்?

காரைக்குடிப் பழம்பொருள் கடையில் சுருள்முடிச் சிறுமி படம் ஒன்றைப் பார்த்ததாகவும், 'அது முப்பது வயது நடிகை' என்று கடைக்காரர் சொன்னது நிஜமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது மேரி பிக்ஃபோர்டு என்றால் நிஜமாகவே இருக்கலாம்.

1892இல் பிறந்தவர், 1925இல்கூடத் திரையில் சிறுமி. ஆள் ஐந்தடி உயரம்தான். போதாததற்கு நாற்காலி, மேசையெல்லாம் பெரிதாகச் செய்து வைப்பார்கள். நம்மூர்ப் பெரிய வீட்டுத் தேக்குக் கதவுக்கு முன்னால் நின்று பாருங்கள், வளர்ந்த ஆளும் பொடிப்பிள்ளை மாதிரித்தான் தெரிவார். அதே வித்தை.

இத்தனைக்கும் அவர் வாய்ப்புக்காகக் கைகட்டி நின்றவர் இல்லை. 1919இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். முதலாளியே அவர்தான், ஆனால் சிறுமி வேடத்தைக் கைவிட ரசிகர்கள் விடவில்லை. ஜெர்மன் இயக்குநர் லூபிட்ச்சை வரவழைத்து, 1923இல் 'ரோசிட்டா'வில் பெரிய பெண்ணாக நடித்தார். பிற்பாடு அந்தப் படம் அவருக்கே பிடிக்காமல் போனது. அப்புறம் மறுபடி சிறுமி வேடம்.

1928இல் தாயார் இறந்த பிறகுதான் அந்தச் சுருள்முடியை வெட்டிக்கொண்டார். மறு ஆண்டு வந்த 'கோகெட்' பேசும்படத்தில் நடித்ததற்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. சரி, இனி நல்ல காலம் என்று பார்த்தால், 1933க்குப் பிறகு படங்களில் நடிக்கவே இல்லை. என்னைக் கேட்டால், பத்து வருடம் முன்பே கத்தரியை எடுத்திருக்க வேண்டும்.