நேட்டோவுக்கு யார் பாக்கி?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்திருக்கும் ராணுவக் கூட்டணியான நேட்டோ பற்றித்தான். ஒரே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்தே பதில்.

ஒரு நேட்டோ நாட்டைத் தொட்டால் மற்ற 31 நாடுகளும் போருக்கு வந்தே ஆகவேண்டும், சரிதானே? (சிவகாசி வாசகர்)

சரியில்லை. நேட்டோ ஒப்பந்தத்தில் ஐந்தாம் பிரிவின் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறீர்கள். ஒருவர் மீது நடக்கும் தாக்குதல் எல்லோர் மீதும் நடந்ததாகக் கொள்ளப்படும் என்பது உண்மை. ஆனால் அப்புறம் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு நாடும் தனக்கு அவசியம் என்று படுகிறபடி முடிவு செய்துகொள்ளலாம். படை அனுப்புவது அதில் ஒரு வழி, அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் மொத்தமே 14 பிரிவுகள். டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம், படித்துவிட்டுக் கேளுங்கள். இதுவரை ஐந்தாம் பிரிவைக் கையில் எடுத்தது ஒரே ஒரு தடவை. 2001 செப்டம்பரில், அமெரிக்காவுக்காக.

அமெரிக்க அதிபர் நினைத்தால் நாளைக்கே வெளியேறிவிடலாமா?

நாளைக்கே முடியாது. 13ஆம் பிரிவின்படி ஓராண்டு நோட்டீஸ் தரவேண்டும். போதாததற்கு, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ தனிச் சட்டமோ இல்லாமல் அதிபர் விலகக்கூடாது என்று 2023 டிசம்பரில் அங்கே சட்டமே போட்டாயிற்று. ஆனால் கூட்டணியைக் கெடுக்க விலகத் தேவையில்லை. "வருவோமா என்பதை அப்போது பார்க்கலாம்" என்று தலைவர் ஒருவர் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. அதனால் பேச்சைக் கேட்காதீர்கள், படையைப் பாருங்கள். ஐரோப்பாவில் சுமார் 80,000 அமெரிக்க வீரர்கள் இருக்கிறார்கள். அந்த எண் எப்படி மாறுகிறது என்பதுதான் செய்தி.

ஐரோப்பிய நாடுகள் பல வருடமாக நேட்டோ சந்தாவைக் கட்டாமல் அமெரிக்காவுக்குப் பாக்கி வைத்திருக்கின்றன. கட்டாதவனை ஏன் காப்பாற்ற வேண்டும்? (இதே கேள்வி, பல ஊர்கள்)

மறுபடியுமா! இதற்குப் பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. போன வருடம் ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்குப் போயிருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த திரையில் ஒரு கல்லாப்பெட்டி, அதில் நாட்டுக்கு நாடு 'பாக்கித் தொகை'. அது தப்பு என்று இடைவேளையில் சொன்னேன். "மக்களுக்கு இப்படிச் சொன்னால்தான் சார் புரியும்" என்றார்கள். புரிந்ததன் பலன் இந்தக் கடிதக்கட்டு.

கவனமாகப் படியுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுவது ஒன்று. அவரவர் வீட்டுக் கதவுக்கு நல்ல பூட்டாகப் போடுவது வேறொன்று. நேட்டோவின் பொதுச் செலவு, அதாவது மெயின்டனன்ஸ், 2025இல் சுமார் 460 கோடி யூரோ. பிரஸ்ஸல்ஸ் தலைமையகம், கூட்டுக் கட்டளை மையங்கள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. ஒரு பெரிய நாட்டின் ராணுவச் செலவுக்கு முன்னால் இது சில்லறை. இதில் அமெரிக்காவும் ஜெர்மனியும் கட்டியது கிட்டத்தட்ட சம பங்கு, ஆளுக்கு 16 சதவீதம் போல.

எல்லோரும் சண்டை போடும் அந்த 2 சதவீதம் பூட்டுக் கணக்கு. தன் பொருளாதாரத்தில் அவ்வளவு பங்கைத் தன் ராணுவத்துக்கே செலவழிப்பதாக 2014இல் வேல்ஸ் மாநாட்டில் ஒவ்வொரு நாடும் ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் வாஷிங்டனுக்கும் போகாது, பிரஸ்ஸல்ஸுக்கும் போகாது. குறைத்துச் செலவழித்தவர்களைச் சோம்பேறி என்று திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். மொத்த ராணுவச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு போல அமெரிக்காவுடையது என்ற மனக்குறையிலும் நியாயம் உண்டு (அந்தச் செலவில் பசிபிக் கடற்படையும் அடக்கம் என்பதை யாரும் சொல்வதில்லை). கடன்காரன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நேட்டோ கணக்குப்படி 2025இல் எல்லோருமே 2ஐத் தொட்டுவிட்டார்கள். போலந்து 4ஐயும் தாண்டிவிட்டது.

2035க்குள் 5 சதவீதம் என்கிறார்களே, அது வந்தால் ஐரோப்பா அமெரிக்கா இல்லாமல் நிற்குமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

நல்ல கேள்வி. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் எடுத்த முடிவு அது. அதில் ராணுவத்துக்கென்று 3.5, மீதி 1.5 பாலம், சாலை, இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. ஸ்பெயின் அப்போதே முகம் சுளித்தது.

பாலத்தை எதற்கு இதில் சேர்த்தார்கள் என்று பலர் கேலி செய்தார்கள். ஜெர்மனியிலிருந்து எஸ்டோனியாவுக்கு ஒரு டாங்கியை ரயிலில் அனுப்பிப் பாருங்கள். ஐரோப்பிய ரயில் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய பால்டிக் நாடுகளில் ரஷ்யர் காலத்து 1,520. லித்துவேனியாவில் கௌனாஸ் வரைக்கும் ஐரோப்பிய அகலத்தில் போகலாம். அப்புறம் வேறு வண்டிதான். மீட்டர் கேஜ் காலத்தில் திருச்சியில் மூட்டை முடிச்சோடு வண்டி மாறியவர்களுக்கு இது புரியும், மூட்டைக்குப் பதிலாக 60 டன் இரும்பு. ஒரே அகலத்தில் புதுப்பாதை போட 2030 என்று கெடு வைத்திருக்கிறார்கள். உளவுச் செயற்கைக்கோள், நடுவானில் எரிபொருள் நிரப்பும் விமானம் இவற்றுக்கும் ஐரோப்பா இன்னும் அமெரிக்காவைத்தான் நம்பியிருக்கிறது. பணம் வந்தாலும் இதெல்லாம் கைக்கு வரப் பத்து வருடம் போல ஆகும்.

சொன்ன பேச்சு கேட்காத துருக்கியை நீக்கிவிடலாமே?

நீக்குவதற்கு ஒப்பந்தத்தில் வழியே இல்லை. 14 பிரிவுகள், சொன்னேன் அல்லவா?

இந்தியா நேட்டோவில் சேருமா?

புதிதாக அழைப்பதென்றால் ஐரோப்பிய நாட்டைத்தான் அழைக்கலாம் என்கிறது 10ஆம் பிரிவு. கொசுறாக ஒன்று: 1961இல் கோவாவை இந்தியா எடுத்துக்கொண்டபோது போர்ச்சுகல் நேட்டோவின் நிறுவன உறுப்பினர். ஆனாலும் கூட்டணி வரவில்லை. கடக ரேகைக்குத் தெற்கே இருக்கும் தீவுகளையும் குடியேற்றப் பகுதிகளையும் காக்கும் பொறுப்பு அதற்குக் கிடையாது. அது ஆறாம் பிரிவு.

ஐஸ்லாந்துக்கு ராணுவமே இல்லையாமே, உண்மையா?

உண்மை. 1949இலிருந்தே உறுப்பினர், கையில் இருப்பது கடலோரக் காவல்படைதான். கேஃப்ளாவிக் விமானத் தளத்துக்கு மற்ற நாடுகளின் போர் விமானங்கள் முறை வைத்து வந்து போகின்றன. 2 சதவீதப் பட்டியலில் அதன் பெயரே வராது. சந்தா பாக்கி வசூலிக்கக் கிளம்புகிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.