காத்தாடி சுற்றுகிறது, கைட் ஏறுமா?

பத்து வருடமாக உவரி, தூத்துக்குடி, ராமேஸ்வரம் என்று கைட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான். கைட் என்றால், பலகையில் நிற்கும் ஆளைக் கடல்மேல் இழுத்துப்போகும் பெரிய பட்டம். காற்றுக்குக் காத்திருப்பதைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணாச்சி, ஆடி மாசம் எங்க ஊரில் ஆளையே தள்ளுகிற காற்று. நேரே உவரிக்கு வந்து கடலில் இறங்கலாமா? (வள்ளியூர்)

வேண்டாம் தம்பி. காற்று போதும், திசைதான் சரியில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு மேற்கிலிருந்து வரும் மேல்காற்று அது. உவரிக் கரை தென்கிழக்கு பார்த்தது. அதனால் ஆடிக்காற்று உங்களைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். நடுவில் ஒரு கயிறு அறுந்தால் அடுத்த கரை இலங்கைதான். அதுவும் தேரி, பனங்காடு எல்லாம் தாண்டி வருவதால் ஒரே சீராக அடிக்காது. இழுக்கும், விடும், திடீரென்று வெட்டும். ஆடியில் நான் ராமேஸ்வரம் போய்விடுவேன். தீவு என்பதால் மேல்காற்றுக்கு ஒரு கரை, வாடைக்கு இன்னொரு கரை என்று மாற்றிக்கொள்ளலாம்.

பணகுடியில் காத்தாடி (காற்றாலை) சுற்றுவதைப் பார்த்துக் கிளம்பினால் சரியாக இருக்குமா?

காற்றாலை சுற்ற ஆரம்பிக்க நொடிக்கு 3, 4 மீட்டர் காற்றே போதும். அதாவது 6 முதல் 8 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ.). கைட்டுக்குக் குறைந்தது 12 வேண்டும். போதாததற்கு, உச்சியில் அடிக்கும் காற்று தரையில் இருக்காது. ஆனால் காத்தாடியின் மூஞ்சியைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. காவல்கிணறு தாண்டும்போது நான் பஸ் ஜன்னலில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நான் 55 கிலோ. மொபைலில் 14 நாட் காட்டுகிறது, பக்கத்தில் 24 என்றும் இருக்கிறது. போகலாமா அண்ணா? (பாளையங்கோட்டை)

அந்த 24 வீச்சுக் காற்று, தங்கச்சி. இடையிடையே திடீரென்று ஏறும் வேகம். சீரான 14 என்றால் உங்கள் எடைக்கு 10 சதுர மீட்டர் கைட் போதும். ஆனால் காற்று இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். 14-லிருந்து 24-க்குப் போனால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பழகுகிறவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை நமக்கும் உண்டா? (திசையன்விளை)

உண்டு. அதில் சொல்லும் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகம் என்றால் 24 முதல் 30 நாட். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால், காற்றே இல்லாவிட்டாலும் இறங்காதீர்கள். தூரத்துக் கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து ஏறும்.

நீச்சல் தெரியாது, பழகலாமா?

முதலில் தாமிரபரணியில் நீச்சல். அப்புறம் பேசுவோம்.

மூன்று நாள் லீவு போட்டு உவரியில் உட்கார்ந்திருந்தேன், காற்று வரவேயில்லை. எப்போது கிளம்புவது? (தென்காசி)

லீவை முதலில் போட்டதுதான் தப்பு. குற்றாலத்தில் சாரல் விழுந்ததா என்று கேட்டுவிட்டுத்தானே குளிக்கப் போவீர்கள்? அதே மாதிரிதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடை, கரையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் ஓடும். நமக்கு அதுதான் வேண்டும். மழை மேகம் திரண்டு நிற்கும்போது மட்டும் அந்தக் காற்றை நம்பாதீர்கள். இரண்டு வானிலைக் கணிப்புகளைத் தினமும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போய், அடுத்த நாளும் மாறாமல் இருந்தால் பையைக் கட்டலாம்.

நானும் ஒருமுறை இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பனையோலை அசையவில்லை. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர், "மத்தியானம் வரட்டும், இப்பவே ஏன் ஊதிட்டு இருக்க?" என்றார். நான் பாட்டுக்குக் காலையிலேயே கைட்டில் காற்றடித்து வெயிலில் வைத்திருந்தேன். இரண்டு மணி வாக்கில் ஓலை சலசலத்தது. கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தது, 12 நாட் வந்தாயிற்று. அதற்குள் என் கைட்டில் வால்வுப் பசை வெயிலில் இளகி, காற்றெல்லாம் இறங்கிவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பனங்கிழங்கை உரித்து நீட்டினார்.