வார்டில் நர்சிங் அசிஸ்டன்டாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சிஸ்டர்களுக்கு உண்மையிலேயே உதவியாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேட்டதை எடுத்துக் கொடுப்பதும் கூப்பிட்டதும் ஓடுவதும் உதவிதான். ஆனால் ஒரு சிஸ்டர் பத்துப் பதினைந்து பேரைப் பார்க்கும் வார்டில், நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் நிற்பது நீங்கள்தான். உடம்பு துடைப்பது, பெட்பேன் வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் உங்கள் கை வழியாக நடக்கிறது. அப்போது கண்ணில் படும் மாற்றத்தை எண்ணோடு, நேரத்தோடு, உடனே சிஸ்டரிடம் சொல்வதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

"பத்தாம் பெட் ஒரு மாதிரி இருக்கார் சிஸ்டர்" என்றால் அதை வைத்து சிஸ்டரால் டியூட்டி டாக்டரைக் கூப்பிட முடியாது. "பத்தாம் பெட், காலையில நல்லா பேசினார். இப்ப கூப்பிட்டா கண்ணைத் திறந்துட்டு உடனே மூடிக்கிறார். மூச்சு நிமிஷத்துக்கு 28, கை சில்லுன்னு இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், நீங்கள் முடிப்பதற்குள் அவர் எழுந்து வந்துவிடுவார்.

அதற்கு எண் சரியாக இருக்க வேண்டும். மூச்சை முழு 60 வினாடி எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருப்பது வழக்கம். எண்ணாமலே எல்லோருக்கும் 20 என்று எழுதும் பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. அது ஆபத்து, ஏனென்றால் நோயாளி மோசமாகும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி நெஞ்சைக் கவனியுங்கள். பி.பி. பார்க்கும்போது கை இதய மட்டத்தில் இருக்கட்டும். பருமனான கைக்குச் சின்ன கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டினால் பி.பி. உண்மையைவிட அதிகமாகக் காட்டும். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் கட்டவே கூடாது. ஆக்சிஜன் அளவு குறைவாகக் காட்டினால் விரல் சில்லிட்டிருக்கிறதா, நகப்பூச்சோ கருத்த மருதாணியோ இருக்கிறதா என்று பார்த்து வேறு விரலில் மாட்டுங்கள். அப்போதும் 94க்குக் கீழ் இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

அதிகம் குழப்பம் நடப்பது சாப்பாட்டு நேரத்தில். இன்சுலின் போடும் நோயாளிக்குச் சுகர் பார்த்து, சிஸ்டர் ஊசி போட்டு, அப்புறம்தான் தட்டு போக வேண்டும். இட்லி இரண்டு உள்ளே போன பிறகு குத்திப் பார்த்தால் அந்த எண்ணை வைத்து டோஸ் முடிவு செய்ய முடியாது. இன்னொரு பக்கம், ஊசி போட்டாகிவிட்டது, தட்டு வர நேரமாகிறது என்றால் சுகர் இறங்கிவிடும். அதனால் தட்டு வண்டி வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே யார் யாருக்குச் சுகர் பார்க்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். வாழைப்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் பொய்யாக உயர்ந்து காட்டும். 70க்குக் கீழ் வந்தால், வியர்வை, நடுக்கம் எதுவும் இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே சிஸ்டருக்குத் தெரிய வேண்டும். நோயாளி பாதி சாப்பாட்டிலேயே கை கழுவிவிட்டாலும் சொல்லுங்கள்.

உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் சிறுநீரையும் எழுதும் இன்டேக்-அவுட்புட் சார்ட் அடுத்தது. தண்ணீர் அளவு குறைக்கச் சொன்ன நோயாளிக்கு அட்டெண்டர் (கூட இருக்கும் உறவினர்) பாசத்தோடு இளநீர் கொடுப்பார். அதைத் திட்டாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். வீட்டிலிருந்து வந்த டம்ளர் எத்தனை மில்லி என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். சிறுநீரை யூரோபேக் (டியூப் வழியாகச் சிறுநீர் சேரும் பை) கோடுகளைப் பார்த்து எழுதாதீர்கள், அவை தோராயமானவை. அளவு ஜாரில் இறக்கி, சமதளத்தில் வைத்து, கண் மட்டத்தில் படியுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஜாரை இன்னொருவருக்குக் கொண்டுபோகாதீர்கள். சிறுநீர் மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லி என்பது குறைந்தபட்சக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. குறைந்தால் முதலில் டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மடிப்பு இல்லை, ஆனாலும் இறங்கவில்லை என்றால் சொல்லுங்கள். பேக் எப்போதும் மூத்திரப் பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அதை நோயாளியின் வயிற்றின் மேல் தூக்கி வைக்கிறார்கள். உள்ளே இருப்பது திரும்பிப் போய்த் தொற்று வரலாம்.

தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டும்போது வால் எலும்புப் பகுதி, குதிகால், இடுப்புப் பக்கம் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பினால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்க்க வேண்டாம், சிஸ்டரைக் கூட்டி வந்து காட்டுங்கள். ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) ஃபீட், அதாவது திரவ உணவு, போகிறவர் என்றால் துடைப்பதையும் விரிப்பு மாற்றுவதையும் ஃபீடுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஃபீட் போன உடனே தட்டையாகப் படுக்க வைத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்தபடி குறைந்தது அரை மணி நேரமாவது இருக்கட்டும்.

சிஸ்டர் மருந்து எடுத்து வைக்கும் அந்த அரை மணி நேரம் அவரை யாரும் கூப்பிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கவனம் சிதறினால் மருந்து மாறும். போர்வை, வெந்நீர், பில் சந்தேகம் எல்லாம் உங்களிடம் வரட்டும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ரத்தம், மயக்கம் என்றால் மட்டும் தயங்காமல் குறுக்கிடுங்கள்.

டிரிப்ஸ் வேகம், ஆக்சிஜன் அளவு இரண்டிலும் கை வைக்காதீர்கள். அட்டெண்டர் எவ்வளவு கெஞ்சினாலும்தான். டிரிப்ஸ் பாட்டிலில் 100 மில்லி இருக்கும்போதே சொல்லுங்கள், வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் சின்னக் குழாய்) போட்ட இடம் வீங்கினாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. அளக்க மறந்துவிட்டால் சார்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, "இரண்டு மணி பி.பி. பார்க்கல சிஸ்டர், இப்ப பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் அளக்காமல் ஊகித்து எழுதிய 120/80ஐ நம்பித்தான் பி.பி. மாத்திரையைக் கொடுப்பதா நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்வார்.