திருவிழாக் கூட்டத்தில் சைக்கிள் ஓட்டலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 53. குன்னூர் பக்கத்து அருவங்காட்டில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை, ஐந்து ஆண்டுகளாக பி.பி. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, அதோடு பி.பி.க்கு மெட்டோபுரோலால் 50 மி.கி. இரவில் மெட்ஃபார்மின் மட்டும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.2. பொங்கல் முடிந்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊட்டியிலிருந்து குன்னூர் வரை சில நூறு பேர் சேர்ந்து சைக்கிளில் வருகிறார்கள். மேளம், அலங்காரம், வேஷம் என்று ஊர்த் திருவிழா மாதிரி இருக்குமாம். சென்னையில் வேலை பார்க்கும் மகன் என் பெயரையும் கொடுத்துவிட்டான். நான் சைக்கிள் ஓட்டியது கல்லூரி நாட்களில்தான். “இந்த வயதில் இதயம் தாங்குமா?” என்று கணவர் பயப்படுகிறார். போகலாமா? சேலையில் ஓட்டலாமா?
— ஒரு வாசகி

பதில்: போகலாம். இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன, அதற்குள் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டால் தாராளமாகப் போகலாம்.

முதலில் உங்கள் கணவரின் கேள்வி. உங்கள் ஊரில் கடைக்குப் போவதென்றாலும் படி ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு ஏதாவது உண்டா? சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இதயக் கோளாறு வலியாகவே வராமல் வெறும் களைப்பாகவும் மூச்சு வாங்கலாகவும் வரக்கூடும். ஆகவே “வலி இல்லை, அதனால் கோளாறும் இல்லை” என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம். உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போய் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். படுத்தபடி எடுக்கும் ஈசிஜி சரியாக இருப்பது மட்டும் போதாது. சந்தேகம் இருந்தால் அவரே எக்கோ, டிரெட்மில் என்று எழுதித் தருவார். கண்ணின் விழித்திரையைச் சோதித்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தால், இந்தப் பயணத்தில் இதயத்துக்குப் பெரிய வேலை இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. பதினெட்டு கிலோமீட்டர் அளவுள்ள பாதை, நடுவில் சில மேடுகள் வந்தாலும் மொத்தத்தில் இறக்கம். ஏறுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு இரண்டு விஷயங்களில்தான் கவலை. ஒன்று உங்கள் மாத்திரை டப்பாவில் இருக்கிறது, இன்னொன்று அந்த இறக்கத்தில்.

நீங்கள் காலையில் போடும் கிளிமிபிரைடு, சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதோடு தொடைத் தசைகள் வேலை செய்து சர்க்கரையை எரித்தால், அளவு சட்டென்று 70க்குக் கீழே இறங்கலாம். சாதாரணமாக அப்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நாமும் சுதாரித்துக்கொள்வோம். மெட்டோபுரோலால் மறைப்பது அந்த நடுக்கத்தையும் படபடப்பையும்தான். வியர்வையை மட்டும் அது மறைக்காது. ஆனால் ஸ்வெட்டருக்குள் வியர்த்தால் “சைக்கிள் மிதித்த வியர்வை” என்றுதானே நினைப்பீர்கள்? கூடவே பசி, பார்வை மங்கல், காரணமில்லாத எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் வரும். இவற்றைப் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் கவனிப்பார். அதனால் மகன் உங்கள் கூடவே வரட்டும், இந்த அறிகுறிகளை அவருக்குச் சொல்லிவையுங்கள்.

இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெட்டோபுரோலாலைத் திடீரென்று விட்டால் பி.பி.யும் இதயத் துடிப்பும் எகிறும், அது வேறு ஆபத்து. கிளிமிபிரைடை அன்று காலை குறைப்பதா, தள்ளிப்போடுவதா என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் குறைக்கச் சொல்வார்.

இந்த மாதிரி விழாக்களில் நான் பயப்படும் நேரம் ஓட்டும் நேரம்கூட இல்லை, காத்திருக்கும் நேரம். ஆறரைக்குப் புறப்பாடு என்று போட்டிருப்பார்கள். கொடியசைக்க வேண்டியவர் ஏழரைக்கு வருவார், அப்புறம் மாலை, பொன்னாடை, பேச்சு. ஐந்தரைக்கு வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, “போகிற வழியில் டிபன் தருகிறார்களாம்” என்று வெறும் வயிற்றோடு நிற்பவர் புறப்படும் முன்பே தள்ளாடத் தொடங்கிவிடுவார். மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்தே இருக்கட்டும். இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ உள்ளே போகாமல் அந்த மாத்திரை வேண்டாம்.

புறப்படும் முன் ஒருமுறை, பாதி வழியில் கேத்தி பக்கம் நிற்கும்போது ஒருமுறை, குன்னூரில் இறங்கியதும் ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். தொடக்கத்தில் 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 300ஐத் தாண்டியிருந்தால் அன்று வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜனவரிக் குளிரில் மீட்டர் மக்கர் செய்யும், விரல் விறைத்திருந்தால் ரத்தமும் சொட்டாது. மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் ஸ்வெட்டரின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குத்துவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்குங்கள். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் போதும். பிஸ்கட் துகளோ பழச்சாறோ விரலில் ஒட்டியிருந்தால் அளவு பொய்யாகக் கூடிவிடும், துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

சர்க்கரை இறங்கிவிட்டால் என்ன சாப்பிடுவது? வழியில் வர்க்கியும் சாக்லேட்டும் தாராளமாகக் கிடைக்கும், ஆளாளுக்கு நீட்டுவார்கள். இந்த அவசரத்துக்கு இரண்டுமே உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள், 70க்கு மேலே வரவில்லையென்றால் அதே அளவு இன்னொருமுறை. 100ஐத் தாண்டித் தலை தெளிந்த பிறகுதான் வண்டியில் ஏற வேண்டும். வர்க்கியை அதற்கு அப்புறம் சாப்பிடுங்கள், தடையில்லை. ஒருவேளை மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிட வேண்டும் என்பதும் மகனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி இறக்கம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். முன்னால் போகிறவர் செல்ஃபிக்காகச் சட்டென்று நின்றால் உங்களுக்கு இடம் இருக்காது. கூட்டமாக ஓட்டுவதில் விழுபவர்களில் பலர், தங்கள் முன் சக்கரத்தை அடுத்தவரின் பின் சக்கரத்தோடு பக்கவாட்டில் உரசவிட்டு விழுபவர்கள்தான். இரண்டு வண்டி நீளமாவது இடைவெளி விட்டு, கோடு போட்டதுபோல் நேராகப் போங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். உறைபனி விழும் மாதம் வேறு. மரநிழல் விழும் திருப்பங்களில் காலை எட்டு மணி வரைகூட ரோடு நனைந்திருக்கும். விறைத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது, கையுறை கட்டாயம். முன்கை வலிக்கத் தொடங்கினால் கையை உயர்த்திக் காட்டி, இடது ஓரமாக இறங்கி நின்றுவிடுங்கள். மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்காது.

வாடகை வண்டி என்றால், பிரேக் பிடியை முழுதாக அழுத்தும்போது அது ஹேண்டில்பாரில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் அந்த வண்டி வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கவேண்டும். நிறையப் பேர் பயத்தில் சீட்டை ரொம்பத் தாழ்த்திக்கொள்கிறார்கள், மறுநாள் மூட்டு வலி என்று என்னிடம் வருகிறார்கள்.

இப்போதே பழகத் தொடங்குங்கள். பள்ளி மைதானத்தில் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். வளைந்து திரும்புவது, ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவது, பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றி நிற்பது, இவை மூன்றும் கைவந்தால் சரி. ஓட்டிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் உங்களுக்கு அளவுகோல். மகன் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டு, “220இலிருந்து வயதைக் கழி” என்று கணக்குச் சொல்வார். மெட்டோபுரோலால் போடுபவர்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது, அந்த மாத்திரை துடிப்பை அந்த அளவுக்கு ஏற விடாது.

சேலை வேண்டாம். முந்தானையும் கொசுவமும் செயினில் மாட்டினால் இறக்கத்தில் தூக்கி எறிந்துவிடும், துப்பட்டாவுக்கும் இதே கதைதான். திருவிழா என்றால் தலைக்கவசத்தில் சாமந்திப் பூவைச் சுற்றிக்கொள்ளுங்களேன், யார் தடுக்கப் போகிறார்கள்! கவசம் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்காரவேண்டும், வார் தாடையில் இறுகியிருக்கவேண்டும். பூவுக்காகப் பின்னால் தள்ளிப் போடக் கூடாது. காலில் நுனி மூடிய ஷூ, காட்டன் சாக்ஸ். புது ஷூ வேண்டாம்.

ஒன்றை எந்த அறிவிப்பிலும் போடமாட்டார்கள். வழியில் கழிப்பறை இருக்காது என்று பயந்து, பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வந்துவிடுகிறார்கள். குளிரில் தாகமும் தெரியாது. கழிப்பறை எங்கெங்கே என்று நடத்துபவர்களிடம் இப்போதே கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் ஏற்பாடு செய்வார்கள்.

உண்மையில் உங்களைவிட உங்கள் மகனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நீங்கள் இந்தக் காற்றிலேயே இருப்பவர். அவர் கடல் மட்டத்திலிருந்து வருகிறார். ஊட்டியில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி வந்து, தூங்காமல் காலையில் சைக்கிளில் ஏறினால் தலைவலியும் மூச்சிரைப்பும் அவருக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமையே வரச் சொல்லுங்கள்.

அன்று வீடு திரும்பியதும் சாக்ஸைக் கழற்றி, விரல் இடுக்குகளையும் குதிகாலையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் மருந்திட்டு மூடுங்கள். தசைகள் மறுநாள் வரைக்கும் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால் இரவு படுக்கும் முன் ஒருமுறை அளவு பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், மறுநாள் காலையிலும் மாத்திரைக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.