“எப்படியாவது முடித்துவிடலாம்”

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சொந்த ஊர் கம்பம்; வேலை கொச்சியில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில். பெரிய திட்டங்களைக் குறுகிய கெடுவுக்குள் திணிக்கும் கூட்டங்களில், ‘கடலைக் கொதிக்க வைக்க முயல வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் யாராவது சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டு, கெடுவை மாற்றாமலேயே கலைந்துபோவார்கள். தமிழில் இதற்கு நிகரான தொடர்கள் உண்டா? சொன்னால் பயன் இருக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உண்டு. அகலக்கால் வைக்காதே, ஆழம் தெரியாமல் காலை விடாதே, விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நாள்தோறும் புழங்குகிறோம். ஆங்கிலத் தொடர் வேலையின் பருமனைச் சுட்டுகிறது. நம்முடையவற்றில் காலும் விரலும் வருவதால், செய்கிறவரின் அளவும் பேச்சுக்குள் வந்துவிடுகிறது. ‘அகலக்கால்’ என்றதுமே நம் கால் எவ்வளவு எட்டும், எத்தனை பேர் இருக்கிறோம், எத்தனை நாள் கையில் உள்ளது என்ற கேள்விகள் எழ வேண்டும். அவற்றுக்கு எண்ணில் விடை சொல்லாதவரை எந்தப் பழமொழியும் கெடுவை நகர்த்தாது.

உங்கள் மலையாள நண்பர்களிடமும் ஒன்று இருக்கிறது: ‘பையத் தின்னால் பனையும் தின்னாம்.’ மெல்லத் தின்றால் பனைமரத்தையே தின்றுவிடலாம். வேலையைக் குறைக்கச் சொல்லாமல் பகுத்துச் செய்யச் சொல்வதால், மேலாளர்களின் காதில் இது எளிதாக ஏறக்கூடும்.

நான் அஞ்சுவது ‘எப்படியாவது முடித்துவிடலாம்’ என்பதற்குத்தான். அந்தச் சொல் விழுந்ததும் கணக்குப் பார்ப்பது நின்றுவிடுகிறது. ஆனால் நாட்களின் பற்றாக்குறை அப்படியே இருக்க, மறுத்துப் பேசத் தெரியாத இளையவர் ஒருவரின் தூக்கத்திலிருந்து அது ஈடுகட்டப்படுகிறது.

உங்கள் ஊர்ப் பக்கம், பந்தலுக்குக் கீழே நின்று நான் கேட்டதைச் சொல்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கொடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டியதிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் அறுவடைக்கு வரும். குமுளி தாண்டி வந்திருந்த வியாபாரி, திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்துக்குள் முழு லோடும் வேண்டுமென்று நெருக்கினார். தோட்டக்காரர் ஒரு குலையை உள்ளங்கையில் ஏந்தி, நுனியில் இன்னும் பச்சையாகவே இருந்த காய்களைக் காட்டினார்.

“இல்ல சேட்டா, இதுக்குக் கவாத்து வெட்டி தொண்ணூறு நாள்தான் ஆகுது. இன்னும் ஒரு மாசம் போகணும். அந்தப் பக்கம் முந்தி வெட்டினது, அதுல பாதி லோடு உத்திராடத்துக்கு முன்னாடி ஏத்திடலாம்.”

வியாபாரியின் முகம் சுருங்கியது. ஆனாலும் பாதி லோடுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்த கூட்டத்தில், யாரும் ‘எப்படியாவது’ என்று தொடங்குவதற்கு முன்பாகவே, உங்கள் குழுவுக்கு வேண்டிய நாட்களையும், கேட்ட தேதிக்குள் உறுதியாகத் தரக்கூடிய பகுதியையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.